கனத்த குரலுக்கு என்ன வேடம்?

(கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இசை பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். ஓப்பெரா மேடையில் பாடிய ஒரு கறுப்பினப் பாடகரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். கொல்லிமலையில் ஓப்பெராவா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு ஓப்பெராவைப் புரியவைக்க அரை நிமிடம் போதும். வேடம் கட்டியவரே பாடுகிறார், பாட்டிலேயே கதை நடக்கிறது, பக்கத்தில் வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், ஒலிபெருக்கி கிடையாது. இவ்வளவுதான். இத்தாலியில் 1600ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்து, ஐரோப்பா முழுவதும் பரவிய கலை அது.

ஓப்பெராவுக்குப் போகும் முன் நம்முடைய மலைத்தலைவன் ஓரியிடம் போக வேண்டும். கொல்லிமலைக்குப் பேச வருகிறவர்கள் எல்லாரும் வல்வில் ஓரியின் ஒற்றை அம்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த அந்த அம்பு வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில் இருக்கிறது. அம்பு போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. அம்பு எய்த வேடனைக் காட்டில் கண்ட பாணர் தலைவன், தான் பாடப்போவதாக விறலியரிடம் சொல்லி, வாத்தியங்களைக் கூட்டச் சொல்கிறான். முழவில் மண் பூசுகிறார்கள், யாழில் பண் கூட்டுகிறார்கள், யானைக் கை போன்ற நீண்ட தூம்பை ஊதுகிறார்கள், எல்லரி, ஆகுளி, பதலை எல்லாம் முழங்குகின்றன. மூவேழு, அதாவது இருபத்தொரு துறையிலும் முறையாகப் பாடி முடித்து, கடைசியில் ‘கோ’ என்று விளிக்கிறார்கள். அது தன் பெயர் என்பதால் அந்த வேடன் நாணிப்போகிறான். ஓரியே அவன்.

அந்த இருபத்தொன்றுக்குப் பழைய உரைகாரர் கணக்குச் சொல்கிறார்: வலிவு, மெலிவு, சமம் என மூன்று தானம், தானத்துக்கு ஏழு. மேல்குரல், கீழ்க்குரல், நடுக்குரல் மூன்றிலும் ஏழேழு. ஓரியின் முன்னால் பாடியவர்கள் கீழ்க்குரலைத் தள்ளிவிட்டுப் பாடவில்லை. மூன்றையும் முடித்தால்தான் பாட்டு முடிந்ததாகக் கணக்கு.

பிற்காலத்து நாடக மேடை இந்தக் கணக்கை மறந்துவிட்டது. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்தை எண்ணிப் பாருங்கள். கொட்டகை நிறைய ஜனம், ஒலிபெருக்கி இல்லை, ஆர்மோனியம் அலறுகிறது. கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும். அதற்கு நம் நாடகக்காரர்கள் கண்ட வழி சுருதியை ஏற்றுவது. ஐந்து கட்டையில் பாடினால்தான் ராஜபார்ட் என்கிற கதாநாயக வேடம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அதில் சக்கரவர்த்தி. 1906இல் பிறந்து 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தவர். அவருக்குப் பின் வந்த கதாநாயகர்கள் எல்லாரும் அந்தக் குரலைத் துரத்திக்கொண்டே ஓடினார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் தார ஸ்தாயி மத்திமத்தைத் தொட்டால், ஐரோப்பாவில் டெனர் என்கிற மேல்குரல் பாடகன் உயிரைக் கொடுத்து எட்டிப் பிடிக்கும் அந்தப் புகழ்பெற்ற உச்ச சுரம் வந்துவிடும். அங்கே அந்த ஒரு சுரத்துக்காக டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு. இங்கேயும் உண்டு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைக்குக் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் தடித்து, குரல் கீழே இறங்கிவிடும். பாய்ஸ் கம்பெனிகளில் இதை மகரக்கட்டு என்பார்கள். 1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சபைகளில் பிள்ளைகளுக்குச் சோறும் பாட்டும் கிடைத்தன. குரல் உடைந்ததும் பாட்டு போய்விடும். சில பேருக்குச் சோறும் போய்விடும். நேற்று வரை கிருஷ்ணனாக ஆடிய பையன் இன்று திரை இழுப்பான். உடைந்த குரல் கனத்து நிலைத்து, அதற்கென்று ஓர் அழகு வரும் என்று காத்திருக்கக் கம்பெனிக்குப் பொறுமை இல்லை. அப்படி வந்தாலும் அந்தக் குரலுக்குத் தருவதற்கு வேடம் இல்லை. எமனும் இரணியனும் வசனத்தில் மிரட்டலாம், பாடும்போது அவர்களும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். இந்த மாவட்டக் கூத்திலும் அப்படித்தான். துரியோதனனும் அர்ச்சுனனும் ஒரே உச்சியில் நின்றுதான் பாடுகிறார்கள். வேடத்தை முகவேலையும் கிரீடமும் பிரித்துக் காட்டும், குரல் பிரித்துக் காட்டாது.

ஓப்பெரா இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. அறுபது எழுபது வாத்தியக்காரர்கள் வாசிக்கும்போது ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கனத்த குரல் எப்படிக் கடைசி வரிசைக்குப் போகிறது? ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுந்த்பெரி 1970களில் இதை அளந்து காட்டினார். வாத்தியக் குழுவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் அருகே மிகுதி. அதற்கு மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பயிற்சி பெற்ற பாடகன் குரல்வளையைத் தாழ்த்தி, அதற்கு மேலே உள்ள குழாயைச் சற்றே குறுக்கிக்கொள்கிறான். அப்போது அவன் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கார்வை கூடுகிறது. வாத்தியங்கள் மெலிந்து நிற்கும் இடம் அதுதான். அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வருகிறது. பாடும் சுரம் கீழேயே இருக்கலாம். சுருதியை ஏற்றாமல் எட்டுகிற வித்தை அது, கற்கப் பத்தாண்டு ஆகும்.

அந்தக் கனத்த குரலுக்குப் பாரிட்டோன் என்று பெயர். டெனருக்குக் கீழே, பேஸ் என்கிற அடிக்குரலுக்கு மேலே. நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதி வைத்துக்கொண்டு மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை பாடுகிற ஆண்குரல் ஏறத்தாழ பாரிட்டோனின் எல்லை. இதைக் கேட்டதும் சங்கீதம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகு நம் கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் அங்கேதானே பாடுகிறார்கள்! ஆமாம். கச்சேரி கீழே இறங்கி வந்துவிட்டது. நாடகமும் கூத்தும் மேலேயே நின்றுவிட்டன.

பாரிட்டோனுக்கு முழு மரியாதை தந்தவர் இத்தாலியின் வெர்டி. அவருக்கு முன்பும் கீழ்க்குரல் வேடங்கள் இருந்தன. மோட்சார்ட்டின் டான் ஜொவான்னி 1787இல் பிராகாவில் அரங்கேறியபோது அந்தக் காமுகப் பிரபுவாகப் பாடிய லூயிஜி பஸ்ஸிக்கு வயது இருபத்தொன்றுதான். ஆனால் ஒரு மனிதனின் முழுத் துன்பத்தையும் அந்தக் குரலில் ஏற்றிவைத்தது வெர்டி. 1842இல் நபூக்கோ, 1847இல் மேக்பெத், 1851இல் ரிகோலெத்தோ, 1887இல் ஒதெல்லோவின் இயாகோ, 1893இல் ஃபால்ஸ்டாஃப். காதலிப்பது டெனர், காதலுக்குக் குறுக்கே நிற்பது பாரிட்டோன் என்று ஓப்பெரா ரசிகர்களிடையே ஒரு கேலி உண்டு. கேலிதான் என்றாலும் உண்மை. அப்பன், அண்ணன், அரசன், சூழ்ச்சிக்காரன், இவர்களே பாரிட்டோன்கள். என் கருத்தைக் கேட்டால், காதலிப்பவனைவிடப் பாடுவதற்கு அதிகம் உள்ளவர்கள் இவர்கள்தான். ரிகோலெத்தோ ஒரு கூனன், அரசவைக் கோமாளி. மகளைக் கடத்திக்கொண்டு போன அரசவைக்காரர்களிடம் முதலில் சீறுகிறான், பிறகு கதவை முட்டுகிறான், பிறகு அவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறான். எல்லாம் ஒரே பாட்டுக்குள். ஐந்து கட்டைக் குரலால் அந்தக் கெஞ்சலைப் பாட முடியாது.

நான் பேச வந்த கறுப்பினப் பாடகர் ராபர்ட் மெக்ஃபெரின் பாடிய வேடங்களில் ரிகோலெத்தோவும் ஒன்று.

அவர் 1921 மார்ச்சு 19ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் மரியான்னா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் சபைப் போதகர். கோயில் பாட்டுத் தவிர வேறு பாட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்கிற கண்டிப்பு. குடும்பம் மெம்ஃபிசுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு படிப்புக்காகப் பையனை செயின்ட் லூயிசில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சம்னர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திசை ஆசிரியர் ஒருவர் அவர் குரலைக் கண்டுபிடித்தார். இங்கே ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்: கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பள்ளி அது. அந்தப் பள்ளியில், குரல் உடைந்து கனத்த ஒரு பையனைப் பாட்டிலிருந்து ஒதுக்காமல், பாட்டுக்குள் இழுத்துப் போட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். ராபர்ட் அதன் பின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் போனார், சிகாகோ இசைக் கல்லூரி போனார், நடுவில் உலகப் போருக்கு ராணுவத்திலும் இருந்தார்.

1953இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பெரா வானொலி வழியாக நடத்திய குரல் தேர்வில் வென்றார். அதுவரை அந்த மேடையில் கறுப்பின மக்கள் யாரும் தனிவேடம் ஏற்றுப் பாடியதில்லை. 1955 ஜனவரி 7ஆம் நாள் மரியன் ஆண்டர்சன் என்னும் மாபெரும் பாடகி அந்தக் கதவைத் திறந்தார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அதே மாதம் 27ஆம் நாள் மெக்ஃபெரின் மேடையேறினார். அங்கே பாடிய முதல் கறுப்பின ஆண் அவர்.

என்ன வேடம் கொடுத்தார்கள்? வெர்டியின் ஐடா ஓப்பெராவில் அமோனாஸ்ரோ. எகிப்தியப் படையிடம் தோற்று, கைதியாக இழுத்துவரப்படும் எத்தியோப்பிய அரசன். நான் அரசன் என்று சொல்லாமல் ஒளித்துக்கொண்டு, மகளுக்கு மட்டும் தெரியும்படி நிற்கிறவன். மெட்ரோபாலிட்டன் மேடைக்கு வந்த முதல் கறுப்பின ஆணுக்கு இந்த வேடம் அமைந்ததை ஒரு நாடக ஆசிரியன் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். அடுத்தடுத்து ஃபாஸ்ட் ஓப்பெராவில் வாலன்டைன், பிறகு ரிகோலெத்தோ. ஒருவன் தகப்பன், ஒருவன் அண்ணன், மறுபடி ஒரு தகப்பன். மூன்று பருவங்களில் மூன்றே வேடங்கள். மேடையேறிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காதல் வேடம் கேட்டிருந்தாலும் பாரிட்டோனுக்கு அதில் வாய்ப்புக் குறைவு. வெள்ளைக்காரக் கதாநாயகிக்கு எதிரே கறுப்பினக் கதாநாயகனை நிறுத்த அன்றைய அமெரிக்கா தயாராகவும் இல்லை. இரண்டில் எது அவரை அதிகம் தடுத்தது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். குரல்வகை ஒரு சாக்கு.

அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போனார். இனிமேல் நான் சொல்வது நம்மூர்க்காரர்களுக்கு மிகவும் பழக்கமான கதை. கெர்ஷ்வின் 1935இல் எழுதிய போர்கி அண்டு பெஸ் ஓப்பெராவை 1959இல் திரைப்படமாக்கினார்கள். நடித்தவர் சிட்னி போய்ட்டியர். அவருக்குப் பாட வராது. திரையில் அவர் வாயசைக்க, மெக்ஃபெரின் பாடினார். பின்னணி! நமக்கு அதில் வியப்பில்லை. ஆனால் அன்றைய ஹாலிவுட்டில் பின்னணிக் குரல் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும் தொழில் அன்று. மை ஃபேர் லேடியில் நாயகிக்குப் பாடிய மார்னி நிக்சன் பெயரைப் படத்தின் எழுத்து வரிசையில்கூடப் போடவில்லை. நம் ஊரில் தலைகீழ். இலங்கை வானொலி பாடகர் பெயரைச் சொல்லித்தான் பாட்டைப் போடும். நடிகரின் பெயர் தெரியாமல்கூடப் பாட்டைக் கேட்போம், பாடகர் பெயர் தெரியாமல் கேட்க மாட்டோம்.

ஆக, அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு கனத்த குரல் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

இசைச்சித்தர் சிதம்பரம் எஸ். ஜெயராமன். 1917இல் பிறந்தவர், 1995இல் மறைந்தவர். இசைக் குடும்பம். அவருடைய தங்கை பத்மாவதி கலைஞர் மு. கருணாநிதியின் முதல் மனைவி. அவர் ஓப்பெரா பாடகர் இல்லை, பாரிட்டோன் என்று தன்னை அழைத்துக்கொண்டதும் இல்லை. ஆனால் அந்தக் குரல்வகைக்குத் தமிழில் ஓர் ஆளைக் காட்டு என்றால் நான் அவரைத்தான் காட்டுவேன். மூக்கின் அடியில் உருண்டு, நெஞ்சிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரித்துவிட்டுத்தான் வெளியே வரும் குரல். கமகம் கனமாக விழும். அவசரம் தெரியாது.

நாடகக் கொட்டகையில் இந்தக் குரலுக்கு ராஜபார்ட் கிடைத்திருக்காது. அவரைக் காப்பாற்றியது ஒலிவாங்கி. 1940களுக்குப் பின் தமிழ்ப்படங்களில் நடிப்பு ஒருவர், பாட்டு ஒருவர் என்று பிரிந்ததும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த நடிகர்களுக்கு மறுவாழ்வு வந்தது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் வளர்ந்த சிவாஜி கணேசன் 1952இல் பராசக்தியில் வந்தபோது, கஞ்சிக்கு வழியில்லாமல் சென்னைத் தெருவில் திரியும் அந்த இளைஞனுக்குக் குரல் கொடுத்தவர் ஜெயராமன். இருபத்து நான்கு வயது நடிகருக்கு முப்பத்தைந்து வயதுக்காரரின் கனத்த குரல். காக்கைகளைப் பார்த்துப் பாடும் அந்தப் பாட்டில் கிண்டலும் பசியும் ஒன்றாக வருகின்றன. சுத்தமான மேல்குரலுக்குப் பசி வராது, என் காதுக்கு அப்படித்தான் படுகிறது. 1954இல் ரத்தக்கண்ணீரில் குஷ்டம் பிடித்து, கண் போய், தன் வினையை நினைத்து வருந்திப் பாடும் மோகனாக எம்.ஆர். ராதா. இசையமைத்து அந்தப் பாட்டைப் பாடியவரும் ஜெயராமன்தான். பாட்டின் நடுநடுவே ராதாவின் வசனம் குறுக்கிடும். ரிகோலெத்தோவை நான் முதலில் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது இந்தப் பாட்டு.

அதே 1954இல் தூக்குத் தூக்கி. சிவாஜி தனக்கு ஜெயராமனே பாட வேண்டும் என்று விரும்பினார். இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் கொண்டுவந்த புதுப் பாடகர் டி.எம். சௌந்தரராஜன் பாடிக் காட்டியதைக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். திரையுலகில் பலரும் பலமுறை சொன்ன செய்தி இது. சௌந்தரராஜனும் ஆண்மை மிக்க குரல்தான், ஆனால் மேலே ஏறும். கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் வழிவந்த ராஜபார்ட் ஆசையை அது நிறைவு செய்தது. கதாநாயகன் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்தது. ஜெயராமன் 1957இல் புதையல், 1959இல் தங்கப்பதுமை, 1960இல் பாவை விளக்கு, தெய்வப்பிறவி என்று சிவாஜிக்குப் பாடிக்கொண்டேதான் இருந்தார். பாவை விளக்கில் தாஜ்மகாலுக்கு முன்னால் வரும், பி. சுசீலாவோடு அவர் பாடிய காதல் பாட்டைக் கேட்டவர்கள், கனத்த குரலுக்குக் காதல் வராது என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் காலம் மாறிவிட்டது. 1960களில் அவருக்குப் படங்கள் அருகின.

இதற்கு நடுவில்தான் அவருடைய மிகப் பெரிய வேடம் வந்தது. 1958இல் சம்பூர்ண ராமாயணம், இசை கே.வி. மகாதேவன், பாட்டு மருதகாசி. ராவணனாக நடித்தவர் டி.கே. பகவதி. டி.கே.எஸ். சகோதரர்களில் இளையவர், சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடையில் வளர்ந்தவர். அவருக்குக் குரல் சிதம்பரம் ஜெயராமன். அவையில் வீற்றிருந்து ராகங்களைப் பாடிக் காட்டும் ராவணன் ஒருவன். போர்க்களத்தில் ஆயுதம் இழந்து நிற்கும்போது, இன்று போய் நாளை வரச்சொல்லி எதிரி அனுப்பிவிட, அந்தக் கருணையைத் தாங்க முடியாமல் குமுறும் ராவணன் இன்னொருவன். முதல் பாட்டில் வித்துவத்தின் கர்வம். இரண்டாவதில் மானம் போன அரசனின் நெஞ்சு. படத்தில் ராமனும் இருக்கிறார், பரதனாகச் சிவாஜியும் இருக்கிறார். பாட்டாக நம் காதில் இன்றுவரை நிற்பவன் ராவணன்தான். வெர்டி இருந்து கேட்டிருந்தால் ஜெயராமனுக்கு அமோனாஸ்ரோ வேடத்தைத் தூக்கிக் கொடுத்திருப்பார். தோற்ற அரசனுக்குக் குரல் எங்கே இருக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மெக்ஃபெரினின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் பாட்டு சொல்லிக்கொடுத்தார், பின்லாந்தின் சிபேலியுஸ் அகாடமி வரை போய்க் கற்பித்தார். மகன் பாபி மெக்ஃபெரின் 1988இல் வாத்தியமே இல்லாமல் வாயாலேயே எல்லா ஒலியும் எழுப்பிய ஒரு பாட்டால் உலகப் புகழ் பெற்றார். தந்தை பெயர் அதன் பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது. 1989இல் ராபர்ட்டுக்குப் பக்கவாதம். பேச்சுத் தடுமாறியது, பாட்டு போகவில்லை. பேச வராதவருக்குப் பாட வந்தது. 2006 நவம்பர் 24இல் செயின்ட் லூயிசில் எண்பத்தைந்தாவது வயதில் காலமானார்.

இனி இந்த நாட்டு ஆசிரியர்களிடமும் அறக்கட்டளைக்காரர்களிடமும் இரண்டு வேண்டுகோள்.

பள்ளிகளில் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது, பெண் பிள்ளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் சுருதியில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பையன்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று திட்டுகிறோம். அவர்களுக்கு அந்தச் சுருதி எட்டாது, அவ்வளவுதான். மோகனத்தில், திஸ்ர நடையில், 55 வினாடியில் பாட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு அரசாணை சொல்கிறது. மோகனமும் கெடாமல், 55 வினாடியும் தவறாமல், வாரத்தில் இரண்டு நாள் ஒரு கட்டை சுருதியில் பையன்களை முன்னே நிறுத்திப் பாட வையுங்கள். குரல் உடைந்த பிள்ளையைப் பாட்டுக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். ஓராண்டு பொறுத்தால் வேறு குரலோடு வருவான்.

அடுத்தது பெரியவர்களுக்கானது. சாமை அறுக்கும்போதும் சாமி கும்பிடும்போதும் அடிக்குரலில் பாடத் தெரிந்த முதியவர்கள் இந்த நாடுகளில் இருப்பார்கள். மேடைக்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளையின் பணத்தில் என்னைப் போன்ற ஒருவரைப் பேச அழைப்பதற்குப் பதிலாக, அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே ஒலிப்பதிவுக் கருவியோடு ஆள் அனுப்புங்கள். பாடியவர் பெயர், ஊர், நாடு மூன்றையும் எழுதிவையுங்கள்.